ஒட்டடைக் கொம்பும் என் சிறுமூளையும்

எனக்கு டைபாய்டு வந்தது ஒரு சைக்கிளால். சின்ன காஞ்சிபுரத்தில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்த மறுவாரம் ஒருவர் ஏழாம் நம்பர் வண்டியை ஒரு மணி நேரத்துக்கு என்று எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் ஆகியும் வரவில்லை. ஆள் தாமல் கிராமத்தில் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. பஸ் பிடித்துப் போய் ஏரிக்கரையோடு நடந்து தேடினேன். ஏழாம் நம்பர் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. கேரியரில் ஒரு ஆள் உயரத்துக்குப் புல்லுக்கட்டு. அந்தப் புல்லுக்காரரோடு அரை மணி நேரம் சண்டை போட்டதில் நாக்கு வறண்டுவிட்டது. மதகடியில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். துண்டால் வடிகட்டித்தான் குடித்தேன். துண்டில் சிக்குகிற அளவுக்குப் பெரிய கிருமி உலகத்திலேயே கிடையாது என்று பிறகு டாக்டர் சொன்னார். சைக்கிளை மீட்டு வந்த பெருமை பத்து நாள் இருந்தது. பதினோராம் நாள் காய்ச்சல்.

டைபாய்டு ஒரேயடியாக வராது. மாடிப்படி ஏறுவது போல் தினம் ஒரு படி ஏறும். முதல் நாள் உடம்பு கதகதப்பு, இரண்டாம் நாள் தலைவலி, ஐந்தாம் நாள் வீட்டுக் கூரை மெதுவாகச் சுற்றுகிறது. என் மனைவி சரோஜா கஷாயம் போட்டுக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் வேப்பிலை அடித்து மந்திரித்துவிட்டுப் போனார். ஏழாம் நாள் நான் கடை சைக்கிள்களை நம்பர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தேனாம். அதற்கு மேல் சரோஜா பொறுக்கவில்லை. ரிக்‌ஷா வைத்து, ஊருக்குள் புதிதாகத் திறந்திருந்த பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

அங்கே டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். லண்டனில் படித்தவர். காஞ்சிபுரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் ரத்தத்தை எடுத்து வைடால் என்று ஒரு பரிசோதனை செய்தார். ரத்தத்தின் தெளிந்த நீரை டைபாய்டுக் கிருமியோடு கலந்து வைப்பார்களாம். கிருமிகள் திரண்டு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டால் டைபாய்டு. என் ரத்தத்தில் திரிந்த பால் மாதிரி திரண்டதாம். எதிலும் அரைகுறையாக இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

மருந்து ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ஆறு மணி நேரத்துக்கொரு தடவை ஒரு காப்ஸ்யூல். கஷ்டம் சாப்பாட்டில் இருந்தது. டைபாய்டில் குடலின் உட்சுவர் புண்ணாகி காகிதம் மாதிரி மெலிந்துவிடும். கெட்டியாக ஏதாவது போனால் ஓட்டை விழும். அதனால் அரோரூட் கஞ்சி. காலையில் அரோரூட், மதியம் அரோரூட், சாயங்காலம் மாறுதலுக்காகக் கொஞ்சம் மோர் விட்ட அரோரூட். நான் டம்ளரைப் பார்த்து முகம் சுளிப்பேன் என்பதற்காக சரோஜாவும் என்னோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் கஞ்சி குடிப்பாள்.

"நானும் இதையேதானே குடிச்சிக்கினு இருக்கறேன். உங்களுக்கு இன்னா கேடு? குடிங்க."

அவள் கையில் வத்தக்குழம்பு வாசனை அடிக்கும். நான் கேட்கவில்லை. நமக்காக ஒருத்தி கஞ்சி குடித்து நடிக்கும்போது மோப்பம் பிடிப்பது மரியாதை இல்லை.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, டாக்டர் முகம் இரண்டாகத் தெரிவது நின்றதும், நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "கருட சேவைக்குள்ள எழுந்துடுவேனா சார்?" என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சைக்கிள் கடை என் பிழைப்பு. அது போக, பெருமாள் கோயிலில் நான் ஸ்ரீபாதந்தாங்கி. அதாவது, உற்சவத்தில் பெருமாள் வெளியே வரும்போது வாகனத்தின் தண்டைத் தோளில் தாங்குகிறவர்களில் ஒருவன். முன் தண்டில் வலப்பக்கம் இரண்டாவது ஆள். பதினோரு வருஷமாக அந்த இடம் என்னுடையது. எனக்குப் பின்னால் வரதன். வைகாசிக் கருட சேவைக்கு ஊரே திரண்டு வரும். பல ஊர்க்காரர்கள் முதல் நாளே வந்து தெருவில் படுத்திருப்பார்கள். அன்றைக்குத் தண்டுக்கு அடியில் நான் இல்லாமல் பெருமாள் வெளியே வருவார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவரால் முடியும். அதுதான் என் கவலை.

"பார்ப்போம். முதல்ல நடங்க" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த பதினெட்டாம் நாள் காலை கட்டிலை விட்டு இறங்கச் சொன்னார். காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தது போலிருந்தது. இருந்தாலும் சமாளித்து, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து திரும்பினேன். விழவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் டாக்டர் முகம் சுண்டியிருந்தது. மறுபடி நடக்கச் சொன்னார். நடந்தேன். கம்பவுண்டர் ராஜுவைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா?" என்றார். "பாத்தேன் சார்" என்றார் கம்பவுண்டர், சாவு வீட்டுக் குரலில்.

அப்புறம் தொடங்கியது பரிசோதனை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூக்கைத் தொட்டு அவர் விரலைத் தொடச் சொன்னார். ஒரு உள்ளங்கையில் இன்னொரு கையைத் திருப்பித் திருப்பித் தட்டச் சொன்னார். என் கை நடுங்கியது. பதினெட்டு நாள் அரோரூட்டில் ஓடுகிற கை வேறென்ன செய்யும்? அவர் அதையும் எழுதிக்கொண்டார். என் வலது தோளில் இருந்த காய்ப்பைத் தடவி, "இது எவ்வளவு நாளா?" என்றார்.

"தண்டு தாங்கறது சார். பதினோரு வருஷம்."

"இனி அதெல்லாம் வேண்டாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். சரோஜாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மறைவாகப் பேசுகிறவர்கள் கதவைச் சாத்த வேண்டும், அவர் சாத்தவில்லை. மூளைக்குப் பின்னால், பிடரிக்கு மேலே, சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. நடை, நிற்பு, கைப்பக்குவம் எல்லாவற்றையும் அதுதான் ஒழுங்கு செய்கிறது. டைபாய்டு சிலபேருக்கு அங்கே போய்க் கைவைத்துவிடும். அப்போது நடை தள்ளாடும். இவருக்குக் கால் அகன்று விழுகிறது, முழங்கால் மடங்கியே இருக்கிறது, பாதம் தரையைத் தேய்க்கிறது, இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது, கழுத்து இடப்பக்கம் சாய்கிறது. மெட்ராஸுக்கு அனுப்பி, முதுகெலும்புச் சந்தில் ஊசி போட்டுத் தண்டுவடத்து நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாகிவிடலாம். ஆகாமலும் போகலாம்.

சரோஜா வெளியே வந்து, "ஒண்ணுமில்லையாம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்குப் பயமாக இருந்தது. ஊசிக்குப் பயம், மெட்ராஸுக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேல், இனி ஒருநாளும் தண்டுக்கு அடியில் நிற்கமுடியாமல் போய்விடுமோ என்கிற பயம். அதைவிட விசித்திரம், நான் சரியாகத்தான் நடந்தேன் என்று என் உடம்பு சத்தியம் செய்தது. தள்ளாடுகிறவனுக்குத் தான் தள்ளாடுவது தெரிய வேண்டாமா? டாக்டரிடம் இதைக் கேட்டேன். "தெரியாது. அதுதான் இந்த நோயோட குணம்" என்றார்.

அன்று சாயங்காலம் என்னை முன்ஹாலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு டி.வி. இருந்தது. சிங்கப்பூரிலிருந்து டாக்டரின் மச்சான் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை டி.வி.யோடு சேர்த்தால் விளையாட்டு வரும். கறுப்புத் திரை. இடக்கோடியில் நிமிர்ந்த ஒரு வெள்ளைக் கோடு, வலக்கோடியில் இன்னொன்று. நடுவே ஒரு வெள்ளைச் சதுரம் பறந்துகொண்டிருக்கும். அதுதான் பந்து என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு குமிழ். குமிழைத் திருகினால் நம் கோடு மேலே கீழே போகும். பந்து நம் பக்கம் வரும்போது கோட்டைக் குறுக்கே வைத்துத் தடுக்க வேண்டும். தடுத்தால் 'டொக்'. தவறினால் எதிராளிக்கு ஒரு பாயின்ட். முதலில் பதினைந்து எடுப்பவர் ஜெயித்தவர்.

"கண்ணும் கையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யுதுன்னு பாக்கணும். ராஜுவோட ஆடுங்க" என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் ராஜு தினமும் மருந்துக்கட்டைக் கட்டிவைத்துவிட்டு இதில் உட்காருகிறவர். ஆடும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வார். பந்து மேலே போனால் அவரும் நாற்காலியை விட்டு அரையடி எழுவார். தவறப்போகிறது என்று தெரிந்தால் இடுப்பை வளைத்துப் பந்தைத் தள்ளப் பார்ப்பார், அது அவர் இடுப்புக்குக் கட்டுப்பட்டது போல. இவருக்குச் சிறுமூளைப் பரிசோதனை செய்யாமல் எனக்குச் செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஜெயித்தது அவர். பதினைந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் எடுத்ததல்ல, அவர் தும்மினார்.

"குமிழ்ல ஏதோ கோளாறு இருக்குது சார்" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் ராஜு.

என்ன நடந்தது என்று கட்டிலில் படுத்து யோசித்தேன். பந்து வருகிறது. கோடு கீழே போக வேண்டும். கீழே போக வலப்பக்கம் திருகுவதா, இடப்பக்கமா? கையைப் பார்க்கிறேன். வலப்பக்கம். திருகி நிமிர்ந்தால் பந்து போய்விட்டது. என் கடையில் சைக்கிள் பழக வருகிறவர்களிடம் தினம் நூறு தடவை நான் கத்துவது இதைத்தான். முன்சக்கரத்தைப் பார்க்காதே, ரோட்டைப் பார். காலைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். கையும் காலும் தானே வந்து சேரும். இத்தனை வருஷம் கத்திய வாய்க்குத் தெரிந்த விஷயம் கைக்குத் தெரியவில்லை. தெரிவது என்பதே இரண்டு வகை போலிருக்கிறது. ஒன்று சொல்ல வருவது, மற்றது செய்ய வருவது. சைக்கிளில் சாயாமல் எப்படிப் போகிறாய் என்று என்னை யாராவது கேட்டால் நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் விழுந்துவிடுவேன்.

மறுநாள் காலை டாக்டர் மெட்ராஸுக்குக் கடிதம் எழுதிக் கவரை ஒட்டிவிட்டார். நாளை மறுநாள் கார். அன்று மதியம் வரதன் வந்தான்.

தண்டில் எனக்குப் பின்னால் நிற்பவன் என்று சொன்னேனே, அவன். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை. கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அன்று மாம்பழ மஞ்சள். பதினோரு வருஷமாக அவன் பார்த்துக்கொண்டு நடந்தது என் பிடரியைத்தான். என்னை எதிரில் பார்த்தால் அவனுக்குப் பேச்சு சரியாக வராது. துளசியும் தீர்த்தமும் கொண்டுவந்திருந்தான். வாழை இலையில் கோயில் இட்லியும் கொண்டுவந்திருந்தான். மிளகும் சுக்கும் நெய்யும் மணக்க, செங்கல் அளவுக்கு ஒரு துண்டு. என் குடல் காகிதம் என்று ராஜு அவனுக்கு விளக்கி, இட்லியைப் பறிமுதல் செய்து, மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல காரியத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் கதவு சாத்தத் தெரியும்.

வரதன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"உன் இடத்துல கோபாலை நிக்க வெக்கப் போறாங்களாம்டா. அவன்தான் உன் ஒசரம்."

"கோபாலா? அவனுக்குத் திருப்பத்துல கால் முந்திக்குமே."

"நானும் அதத்தான் சொன்னேன். வேற யாரு கீறாங்கன்னு கேக்கறாங்க. இன்னா பதில் சொல்றது?"

கோபால் நல்லவன். அதனால் திட்டக்கூட முடியவில்லை.

சாயங்காலம் மறுபடி டி.வி.க்கு முன்னால் உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். வரதன் எனக்குப் பின்னால் வந்து நின்றான், பழக்க தோஷம்.

"இன்னாடா இது, டி.வி.ல பூச்சி பறக்குது?"

"அது பந்துடா."

"பந்துன்னா உருண்டையா இருக்காதா?"

ஆறுக்கு சைபர் ஆனது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. வரதன் குனிந்து, "உக்காந்துக்கினு இன்னாடா பண்றே? எழுந்து நில்லு. உனக்கு எப்போ உக்காந்து வேலை ஓடிச்சு?" என்றான். எழுந்து நின்றேன். கால் நடுங்கியதால் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டேன். பின்னாலிருந்து வரதன், தண்டு கிளம்பும்போது தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுப்பானே, 'ம்ஹும்' என்று, அதைக் கொடுத்தான். வேண்டுமென்றே கொடுத்ததல்ல என்று பிறகு சத்தியம் செய்தான்.

அதற்கப்புறம் நடந்ததை எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. முழங்கால் தளர்ந்தது, எடை வலது காலுக்கு வந்தது, இடது காலுக்குப் போனது. கை என்கிற ஒன்று எனக்கு இருப்பதே மறந்துவிட்டது. குமிழும் மறந்துவிட்டது. திரையில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது, அது நான். பந்து கீழே வந்தால் நான் கீழே இருந்தேன், மேலே வந்தால் மேலே இருந்தேன். டொக். டொக். டொக். நடுவில் ஒருதரம் 'அட, நன்றாக ஆடுகிறோமே' என்று நினைத்தேன், உடனே இரண்டு பாயின்ட் போய்விட்டது. அப்புறம் நினைக்கவில்லை. பெருமாள் தோளில் இருக்கும்போது யார் பெருமை பேசுவார்கள்? தண்டுக்கு அடியிலும் இப்படித்தான். அங்கே என் கால், வரதன் கால் என்று கணக்கு வைத்தால் வாகனம் சாய்ந்துவிடும். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே உடம்பு, அது மேலே எழுந்தருளியிருக்கும்.

பதினைந்துக்கு ஒன்பது. நான்தான் பதினைந்து. ராஜு நாக்கைக் கடித்தது கடித்தபடி நின்றார்.

டாக்டர் திரையைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குப் பின்னால் வரதன் காலைப் பார்த்தார். நான் ஆடும்போது பின்னால் அவனும், தன்னை அறியாமல், எனக்குச் சரியாக இடம் வலம் மாறிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இவருக்கும் டைபாய்டு வந்துச்சா?"

"எனக்கா? இல்லீங்களே சார்."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

வரதன் இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூட டிரில் மாதிரி நடந்து காட்டினான். அவன் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. டாக்டர் தலையை ஆட்டினார்.

"நீங்க சாமி தூக்கும்போது எப்படி நடப்பீங்க?"

"சாமி இருந்தாத்தானே சார் அந்த நடை வரும். சும்மா எப்டி வரும்?"

"தோள்ல ஏதாவது இருந்தா?"

சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஹால் மூலையில் ஒட்டடைக் கொம்பு சார்த்தியிருந்தது. நல்ல நீளமான மூங்கில், நுனியில் தென்னந்துடைப்பம். ராஜு அதை எடுத்துக்கொண்டு வந்தார். வரதன், "பெருமாளே, மன்னிச்சுக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் தோளில் வைத்தான். நான் முன்பக்கத்தை வைத்தேன். ம்ஹும் என்றான். கிளம்பினோம்.

வராந்தாவில் பாதி தூரம் போயிருப்போம். ஐந்தாம் நம்பர் படுக்கையில் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருந்த அம்மாள் பாதச் சத்தத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து கைகூப்பினாள். அதைப் பார்த்து வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். நர்ஸ் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். துடைப்பம் முன்னால் ஆடி ஆடிப் போயிற்று. எங்களால் சிரிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சரோஜாதான் வரதனைக் காட்டி முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா டாக்டர், இவருக்கும் மெட்ராஸா?"

"யாருக்கும் மெட்ராஸ் இல்லீங்க. கால்தான் ஆடுது, தலை அசையவே இல்லை பாருங்க. சிறுமூளை கெட்டவனுக்குத் தலையும் சேர்ந்து ஆடும். நான் முதல் நாளே பாத்திருக்கணும்."

அப்புறம் அவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உடம்பு ரொம்பத் தளர்ந்திருக்கும்போது நடக்கச் சொன்னால், அது தனக்கு எந்த நடையில் அதிக நம்பிக்கையோ அதை எடுத்துக்கொள்ளும். குழந்தையில் பழகிய நடையைவிடத் தண்டுக்கு அடியில் பழகிய நடை எனக்குள் கெட்டியாக இருந்திருக்கிறது. விழக்கூடாது என்று உடம்பு நினைத்திருக்கிறது. விழக்கூடாத இடத்து நடையை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அத்தனையும் என்னைக் கேட்காமல்.

"என்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எனக்கே தெரியாதே சார். அந்த நடையை நான் பாத்ததே இல்லை."

சரோஜாவும் பார்த்ததில்லை. சேவைக்கு வருகிற கூட்டத்தில் எங்கள் தலை தெரிந்தாலே அதிகம்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டார். நான் உடனே கேட்டேன், "அப்போ கருட சேவைக்குத் தாங்கலாமா?" கூடாது என்றார். மூளை நன்றாக இருக்கிறது, குடல் இல்லை. மூன்று மாதத்துக்குள் கனம் தூக்கினால் கிழியும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்றால் இதுதான். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார். கோபம் அரோரூட்டைவிட நன்றாக உடம்பில் ஒட்டும். அந்த வாரமே இரண்டு கிலோ ஏறினேன்.

கருட சேவையன்று விடிவதற்கு முன்பே சரோஜா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் ஒரு ஓரமாக நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். கோபால் மேல் பொறாமையாக இருந்தது. அவன் கால் முந்தட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். உடனே பயந்துபோய் வேண்டுதலை வாபஸ் வாங்கினேன்.

குடை தெரிந்தது. பிறகு கருடன் மேல் பெருமாள். எனக்குத் தெரிந்த கருட சேவை என்பது தோளில் ஒரு பாரம், முன்னால் ஒரு முதுகு, காதில் நாதஸ்வரம், காலில் சூடான மண். இது வேறு. அவர் ஆடி ஆடி, தானாகவே, யாரும் தூக்காதது போல் வந்துகொண்டிருந்தார். பதினோரு வருஷமாக நான் குமிழைத்தான் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். திரையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

எங்களுக்கு எதிரே ஒரு மண்டகப்படியில் வாகனம் நின்றது. தீபாராதனை ஆனது. கோபால் தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். தண்டுக்கு அடியிலிருந்து வரதன் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டான். கை இன்றைக்கு ஊதா.

"எத்திராஜு. பத்தடி வா. அதுக்குள்ள கோபால் வந்துடுவான்."

நான் சரோஜாவைப் பார்த்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள். நான் தண்டைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றாள்.

நுழைந்து என் இடத்தில் நின்றேன். பின்னால் ம்ஹும் என்றது. வாகனம் எழுந்தது. தோளில் அந்தப் பாரம் வந்து உட்கார்ந்தது. முழங்கால் தானாக மடிந்தது. பத்தடி நடந்தேன். ஒரு திருப்பம்கூட இல்லை, நேர் ரோடு. கோபால் வந்து தோளைத் தொட்டான், விலகினேன். மூச்சு வாங்கியது, ஆனால் குடல் கிழியவில்லை. அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

சாயங்காலம் வரதன் வீட்டுக்கு வந்தான். வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"நாங்க முன்னாடியே பேசி வெச்சிக்கினோம்டா. நீ உள்ள வந்ததும் முன்னால இருக்கறவனும் நானும் தண்டை எம்பித் தூக்கிக்கினோம். தண்டுக்கும் உன் தோளுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை இருந்துச்சு. உன் மேல படவே இல்ல."

"பொய் சொல்லாதடா."

"பெருமாள் சத்தியமா."

நான் நம்பவில்லை. மறுநாள் காலை எழுந்தபோது வலது தோள் விண்விண்ணென்று வலித்தது. சரோஜா நல்லெண்ணெயைச் சுடவைத்து வந்து தேய்த்துவிட்டாள்.